தின்னத் தெரியாத மண்

மகனே,

இது நலம் விசாரிக்க எழுதுகிற கடிதமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு, "அம்மா, நான் வேலையை விடப்போறன். அடுத்த கிழமை திங்கள் கடிதம் குடுக்கப்போறன்" என்று நீ சொன்னபோதே நீ நலமில்லை என்பது தெரிந்துவிட்டது. நானும் நலமில்லை. அன்றையிலிருந்து ஆறு நாளாக இந்த ரொக்ஸ்பரோ வீட்டில் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பைத் துடைத்தேன், துடைத்த அடுப்பைத் திரும்பவும் துடைத்தேன். உன் பழைய அறையில் போய் நின்றேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அப்பா பேப்பருக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இஞ்சேரும், உமக்கென்ன, குட்டி போட்ட பூனை மாதிரி? ஒண்டில் இரும், இல்லாட்டி வெளியிலை போம்" என்றார். வெளியிலும் போனேன். ரயில் நிலையம் வரைக்கும் நடந்து, யாரோ இறங்குவதையும் யாரோ ஏறுவதையும் பார்த்துவிட்டு வந்தேன். கால்தான் நொந்தது.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். உன்னை எனக்குத் தெரியாதா? "பரவாயில்லை அம்மா, அதை விடுங்கோ" என்று மூன்று வினாடியில் மன்னித்துவிட்டு வைத்துவிடுவாய். மூன்று வினாடியில் மன்னிக்கக்கூடிய காரியமில்லை இது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதால் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. ஆனால் உன்னைப் பல பக்கம் காக்க வைக்க எனக்கே பொறுமையில்லை, ஆகவே முதலில் சொல்லிவிடுகிறேன். நீ வேலை செய்கிற அந்தச் சதுப்பில் தண்ணீர் மட்டம் அளக்க நட்டு வைத்திருக்கிற ஏழாம் இலக்கக் குழாயில் ஒவ்வொரு கோடையும் தண்ணீர் ஏன் இறங்குகிறது என்று எனக்குத் தெரியும். போன வருடம் இலையுதிர்காலத்திலிருந்து தெரியும். தெரிந்துகொண்டுதான் உனக்கு ஒரு வருடமாகச் சோறு போட்டேன்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று கோயிலில் சனம் கேட்டால் முந்தியெல்லாம் "தண்ணி அளக்கிறான்" என்றுதான் சொல்லுவேன். கேட்டவர்கள் மாநகரசபை வேலை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு நீதான் ஒருநாள் இந்த மேசையில் வைத்து விளங்கப்படுத்தினாய். ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்து, "இதுதான் அம்மா அந்த இடம். சுத்தியிருக்கிற வயலை விட உயரம். ஆறும் இல்லை, ஊத்தும் இல்லை. மழையும் பனியும் மட்டும்தான் அதுக்குச் சாப்பாடு" என்றாய். பள்ளத்தில் தண்ணீர் நிற்பதைக் கண்டிருக்கிறேன், மேட்டில் எப்படி நிற்கும் என்று கேட்டேன். பாசி பிடித்து வைத்திருக்கிறது என்றாய். உயிரோடிருக்கிற பாசி மேலே, செத்த பாசி கீழே, அதற்கும் கீழே அதற்கு முந்தின பாசி. பனிக்கட்டி உருகி இந்த நாடு நாடான காலத்திலிருந்து, வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் மட்டில் தன் பிணத்தின் மேல் தானே ஏறி நின்று வளர்ந்த மேடு. புளிப்புத் தண்ணீர், காற்றுப் புகாது, ஆகவே உள்ளே ஒன்றும் அழுகாது. அழுகாததால் அத்தனை காலத்துக் கரியும் அதற்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கினால் காற்றுப் புகும், காற்றுப் புகுந்தால் அழுகத் தொடங்கும், பூட்டி வைத்ததெல்லாம் வானத்துக்குப் போய்விடும் என்றாய். "அழுகாத மண்" என்று நீ சொன்ன இடத்தில் எனக்குக் கறி அடிப்பிடித்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா? அடுப்பை மறந்து நின்றேன்.

இனித் தோட்டத்துக் கதைக்கு வருகிறேன். நாங்கள் அப்போது மொன்றியல்-நோர்த்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். நான் தைத்த தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் இருந்த பெண்ணின் பெரியப்பா ஒரு கமக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம், காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. நாங்கள் எல்லோரும் அவரை மொசியூ என்றுதான் கூப்பிட்டோம். நீ அவருடைய பேரனின் பழைய றபர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரிந்தாய். வயதுபோய்விட்டதால் தன் வயலின் கடைசித் துண்டில் எங்கள் கோயில் பங்குச் சனம் தோட்டம் செய்யட்டும் என்று விட்டார். ஒரேயொரு சொல்தான் சொன்னார். வயலின் எல்லையில் வரிசையாக நின்ற மரங்களைக் காட்டி, மெலேஸ் மரங்களுக்கு அப்பால் போகவேண்டாம் மதாம், அது எங்களுடையதில்லை என்றார். ஊசி இலை மரமாயிருந்தும் இலையுதிர்காலத்தில் மஞ்சளாகிக் கொட்டுகிற மரம் அது. யாருடையது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். சட்டப்படி அவருடையதுதான் என்பது பிறகு தெரிந்தது. "எங்களுடையதில்லை" என்று அவர் சொன்னது வேறு கணக்கு. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்த குடும்பத்துப் பெட்டை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றிலிருந்து இறைத்து, வாய்க்காலில் விட்டு, பாத்தி பாத்தியாகக் கட்டி, ஒரு சொட்டும் வீணாகாமல் பார்க்கிற சாமான். தண்ணீர் கூடிப்போய்ப் பயிர் செத்ததென்று கேள்விப்பட்டதேயில்லை. மொசியூவின் மண்ணை முதன்முதல் கையில் எடுத்தபோது கோப்பித் தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தது. "எடியே, கறுப்பு மண்ணடி! இதிலை கல்லை நட்டாலும் காய்க்கும்" என்று றெஜினா அக்காவிடம் துள்ளினேன். மன்னார் றெஜினா அக்கா, உன் ஞானத்தாய், அவதான் என் தோட்டக் கூட்டாளி. கல்லும் காய்க்கவில்லை, கத்தரியும் காய்க்கவில்லை. கன்றெல்லாம் மஞ்சளாகி, வேர் அழுகி, ஒரு மாதத்தில் தலையைத் தொங்கப்போட்டன. மற்றச் சனம் தோட்டத்தை விட்டுவிட்டு ஐஸ்கிறீம் குடிக்கப் போனார்கள். நான் விடவில்லை. மண்ணுக்குச் சத்துப் போதாது, குழை தாழ்த்தினால் எல்லாம் சரி வரும் என்றேன்.

குழை தாழ்க்கிறது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது, சொல்லித் தந்ததும் இல்லை. எங்கள் ஊரில் தோட்டத்தில் நீளக் கிடங்கு வெட்டி, பூவரசங் கொப்பும் குழையும் பனையோலையும் போட்டு மிதித்து, மண்ணால் மூடிவிடுவார்கள். ஒரு போகத்துக்குள் அது உக்கிப் பசளையாகிவிடும். அங்கே மண் பசியோடு கிடக்கும், போட்டதைத் தின்றுவிடும். "உங்கை பூவரசுக்கு எங்கை போறது?" என்று றெஜினா அக்கா கேட்டா. தெருவோரம் தண்ணீர் ஓடுகிற கானில் வில்லோ மரமும் வேறு பத்தைகளும் மண்டிக் கிடந்தன. இரண்டு பேரும் கத்தியோடு இறங்கினோம். முழங்கால் ஆழத்தில் ஐந்து கிடங்குகள், வயலிலிருந்து கான் வரைக்கும் வெட்டி, கொப்பால் நிரப்பி, மூடி, மேலே கன்று நட்டோம். அந்த வருடம் கத்தரி காய்த்தது பார், கோயில் திருநாளுக்குக் கூடை கூடையாகக் கொண்டுபோனோம். சதுப்பில் கத்தரி காய்க்க வைத்தவள் என்று எனக்குப் பட்டம். வாரத்தில் ஐந்து நாள் குனிந்த தலை நிமிராமல் மற்றவர்களின் கோட்டுக்குக் கை தைத்தவளுக்கு அந்தப் பட்டம் எவ்வளவு இனித்தது என்று உனக்கு எப்படிச் சொல்ல? வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக இனித்தது.

அடுத்த வருடம் ஒரு கிடங்கைக் கிளறிப் பார்த்தேன். வில்லோக் கொப்பு அப்படியே கிடந்தது. தோல் உரியவில்லை, இலைகூட நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மண் மேல் கோபம் வந்துவிட்டது. "இதென்ன மண்ணடி அக்கா, தின்னத் தெரியாத மண்!" என்று மண்வெட்டியை எறிந்தேன். அப்படியென்றால் கத்தரி எப்படிக் காய்த்தது? கானில் இறங்கிப் பார்த்தேன். கிடங்கு வந்து முடிகிற இடத்தில், கொப்புகளுக்கு இடையால், மழையில்லாத ஓகஸ்ட் மாதத்தில், தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் செய்தது பசளைக் கிடங்கில்லை, மூடின வாய்க்கால் என்று அன்றைக்கு விளங்கியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு அந்தக் குரங்கையும் பிடித்துவிட்டது. அன்றைக்குத்தான் நீ சப்பாத்தில் சேறு வழிய வந்து நின்று, "அம்மா, இந்தத் தண்ணி எங்கையிருந்து வருகுது?" என்று கேட்டாய். "எங்கையிருந்து வந்தால் உனக்கென்ன, போய்ச் சாப்பிடு" என்றேன்.

இவ்வளவும் அறியாமல் செய்தது. இனி எழுதுவது அறிந்து செய்தது. எழுந்துபோய்ப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வந்தேன், அதுவும் ஆறிவிட்டது.

மூன்றாம் வருடம் மழை வருடம். ஐந்து கிடங்கும் போதவில்லை, தண்ணீர் வயலுக்குத் திரும்பி ஏறிவிட்டது. அது மெலேஸ் மரங்களுக்கு அப்பாலிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீரின் போக்கைப் பார்க்க எங்கள் ஆட்களுக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. மொசியூ அந்த மாதம் சுகமில்லாமல் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு சனிக்கிழமை, நானும் றெஜினா அக்காவும், நடுக் கிடங்கை மரவரிசையைத் தாண்டி நீட்டினோம். இரட்டைத் தண்டு மெலேஸ் ஒன்று நிற்கிறதே, அதன் இடப்பக்கத்தால், எட்டு வைத்து நடந்தால் முப்பத்தைந்து எட்டு நீளம், இடுப்பளவு ஆழம். மண்வெட்டி வெண்ணெயில் இறங்கின மாதிரி இறங்கியது. மேல்பாசியைப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி வைத்து, கொப்பு நிரப்பி, திரும்ப விரித்து மூடினோம், ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று. கேட்டாயா, ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று. ஒரு கைப் பாசியை எடுத்துப் பிழிந்து பார்த்தேன், துவாய் பிழிந்த மாதிரித் தண்ணீர் கொட்டியது. "சும்மா கிடக்கிற தண்ணி, சும்மா கிடக்கிற நிலம்" என்றேன் அக்காவிடம். நீ அந்த நேரம் கொஞ்சம் தள்ளிக் குந்தியிருந்து, குடம் போல இலையுள்ள ஒரு செடிக்குள் எறும்பு விழுந்து தத்தளிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் வாழ்க்கை முழுக்க எந்த இடத்தில் நிற்கப்போகிறதோ, அந்த இடத்தின் வயிற்றை உனக்குப் பின்னால் நின்று கீறிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் மொசியூ போய்விட்டார். பிள்ளைகள் வயலைப் பூட்டிவிட்டார்கள், தோட்டமும் முடிந்தது. நாங்கள் ரொக்ஸ்பரோவுக்கு வந்தோம், நீ படித்தாய், நான் அதை மறந்தேன். மறந்தேன் என்றால் மெய்யாகவே மறந்தேன். மூன்று வருடத்துக்கு முன்னம் சதுப்பைக் காப்பாற்றுகிற ஆட்களோடு வேலை கிடைத்தது, இடம் எது தெரியுமா என்று நீ துள்ளிக்கொண்டு வந்தபோதுகூட, எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் என்று சந்தோஷம்தான் பட்டேன். கிடங்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

போன வருடம் நீ அந்தக் கவிழ்த்த கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு வரைபடத்தை விரித்தாய். வெட்டிக் கிடந்த பழைய கான்களுக்கெல்லாம் பலகை அணை போட்டாயிற்று, மேற்குப் பக்கம் பாசி திரும்பப் பச்சை பிடிக்கிறது, பருத்திப் புல் பூக்கிறது, தும்பிகள் வந்துவிட்டன, கிழக்குப் பக்கம் மட்டும் ஏனோ காய்கிறது என்றாய். பாசி வெளிறிக் காலடியில் நொறுங்குகிறது, பேர்ச் மரங்கள் முளைத்துவிட்டன, அந்த மரங்கள் மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சுகின்றன என்றாய். ஏழாம் குழாயைக் காட்டினாய். இரட்டைத் தண்டு மெலேஸுக்குப் பக்கத்தில் என்றாய். "எங்கேயோ ஓட்டை இருக்கு அம்மா. அதைத்தான் கண்டுபிடிக்க ஏலாமல் கிடக்கு" என்று நீ சொன்னபோது, மறந்திருந்ததெல்லாம் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. அந்த நிமிடமே வாயைத் திறந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. "கறி போடட்டே?" என்று கேட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அதற்குப் பிறகு நடந்த நூலகத்துக் கூட்டம் ஞாபகம் இருக்கிறதா, நோத்ர-டாம்-த-கிரேஸில், உன் வீட்டுக்குப் பக்கத்தில்? படங்கள் போட்டு, இந்தச் சதுப்பு மழை வெள்ளத்தைப் பிடித்து வைப்பதையும், அங்கே மட்டும் வளர்கிற பூச்சி தின்னும் செடிகளையும் பற்றிப் பிரெஞ்சில் கதைத்துவிட்டு, கடைசியில் என்னைக் கை காட்டினாய். "என்னை முதன்முதல் அந்த நிலத்துக்குக் கூட்டிப்போனது என் அம்மா, மண்ணை நேசிக்கப் பழக்கினதும் அவதான்" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு அப்பாவிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்பார்கள், நான் ஒரு வருடம் மறைத்தேன், ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சோற்றை உனக்கே பரிமாறினேன். அம்மா மேல் நீ வைத்திருந்த அந்த மரியாதை போய்விடும் என்ற பயம். வேறொன்றுமில்லை. பெரிய காரணம் எதையாவது தேடினேன், அகப்படவில்லை.

ஆனால் போன ஞாயிறு நீ சொன்னது வேறு. இந்த வருடமும் தண்ணீர் நிற்காவிட்டால் கிழக்குப் பக்கத்தைக் கைவிடுவதென்று மேலே முடிவெடுத்துவிட்டார்கள், மொசியூவின் பிள்ளைகள் அதைப் பூச்சாடிக்குப் பைகளில் விற்கிற பீட் மண் வெட்டுகிற கொம்பனிக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்றாய். பத்தாயிரம் வருடத்து மண் என் கறிவேப்பிலைச் சாடிக்குள்ளும் கிடக்கிறது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். அதைக்கூடத் தாங்கியிருப்பேனோ தெரியாது. "நான்தான் பிழையா அளந்திருக்கிறன் அம்மா. அணையைப் பிழையான இடத்திலை போட்டிட்டன். எனக்கு உந்த வேலை சரிவராது" என்று கையைக் கழுவினாயே, அதைத் தாங்க முடியவில்லை. என் பிள்ளை தன்னைப் பிழைகாரன் என்று நினைத்துக்கொண்டு போகிறான், பிழைகாரி பக்கத்தில் நின்று துவாய் நீட்டுகிறாள்.

வியாழக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பதினாலு வருடத்துக்கு முன்னம் ஒரு காரியம் செய்தேன் என்று தொடங்கினேன். பாதர் என்னவோ ஏதோ என்று பக்கத்தில் சாய்ந்தார். "குழை தாட்டனான் பாதர்" என்றேன்.

"குழையோ?"

"ஓம் பாதர். கொப்பும் குழையும்."

அவரும் மன்னார்ப் பிள்ளைதான். சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "அம்மா, தெரியாமல் செய்தது பாவமில்லை" என்றார்.

"முதல் ரெண்டு வருசமும் தெரியாமல். மூண்டாம் வருசம் தெரிஞ்சு. இந்த ஒரு வருசமும் தெரிஞ்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பிடியெண்டால் எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? சொல்லவேண்டிய ஆளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ" என்றார். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன், ஒன்றும் ஆறவில்லை.

நேற்று, வெள்ளிக்கிழமை, அப்பாவை வேலைக்கு லீவு போட வைத்து, எங்கே என்று சொல்லாமல் காரை ஓட்டச் சொன்னேன். பாலம் தாண்டினதும் அவருக்கு விளங்கிவிட்டது. மெலேஸ் மரங்கள் மஞ்சளாகி நின்றன. வயலெல்லாம் பத்தை. கானுக்குள் நாணல் ஆளுயரம். ஒன்றும் தெரியவில்லை, உன் ஆட்கள் காணாததில் குற்றமில்லை. இறங்கி நின்று காது கொடுத்தேன். நாணலுக்குள் ஓரிடத்தில் சலசலத்தது. கையை விட்டுத் துழாவினேன், குளிர்ந்த தண்ணீர் விரல்களுக்கு இடையால் ஓடியது. ஒரு கொப்பைப் பிடித்து இழுத்தேன், அப்பா என்னைப் பிடித்து இழுத்தார், வந்தது. தோல் உரியாத வில்லோக் கொப்பு. அடியில் என் கத்தி வெட்டு, சரிவாக, நேற்று வெட்டின மாதிரி. அப்பா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "அவனுக்குச் சொல்லும்" என்றார், "நான் சொல்லமாட்டன்."

வீட்டுக்கு வந்ததும் றெஜினா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவ பதறிவிட்டா. "எடியே, சொல்லாதை! பிள்ளை வெறுத்துப்போடுவான். உன்ரை வாசல் மிதிக்கமாட்டான்" என்றா. இழுத்தெடுத்த கொப்பைப் பற்றிச் சொன்னேன். மெல்லக் கேட்டா, "கொப்பு இன்னும் இருக்கே? நான் வெட்டினதோ, நீ வெட்டினதோ?" நான் வெட்டினது என்றேன். "உள்ளுக்கை என்ரையும் இருக்குமடி" என்று அழத் தொடங்கிவிட்டா. கிடங்கைக் காட்டத் தானும் வருகிறேன் என்று சொன்னா.

புத்தி சொல்ல எனக்கு இப்போது அருகதை இல்லை. இருந்தாலும் நான் அம்மா, சொல்லாமல் விடமாட்டேன். புது நிலத்துக்குப் போனால் உன் ஊர்ப் புத்தியை முதலில் அதற்குச் சொல்லிக் கொடுக்காதே. அது என்ன பாசை கதைக்கிறது என்று ஒரு வருடமாவது சும்மா இருந்து கேள். ஒருவன் இதற்கு அப்பால் போகாதே என்று சொன்னால், காரணம் சொல்லாவிட்டாலும் நில். பிழை செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் சொல்வதற்கு இரண்டு பிழை இருக்கும். நீ சொல்லாத பொய்யில்லை என்று உன்னை அடித்திருக்கிறேன், ஆறாம் வகுப்பில், கிழிந்த புத்தகத்துக்காக. அந்த அடியையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை எங்கள் பங்கு இதழுக்குக் கொடுக்கப் போகிறேன், நீ வாசித்து முடித்த பிறகு. இன்றைக்கும் எங்கள் சனம் சும்மா கிடக்கிற நிலம் என்று எங்கேயாவது ஒரு சதுப்போரத்தில் மண்வெட்டியோடு நிற்கும். கத்தரிக்காய்ப் பட்டம் போனால் போகட்டும்.

இப்போது கவனமாக வாசி. கானிலிருந்து மரவரிசை வரைக்கும் நேர்கோடு. இரட்டைத் தண்டுக்கு இடப்பக்கத்தால் முப்பத்தைந்து எட்டு, என் எட்டு, உன் எட்டில்லை. முடிகிற இடத்தில் கொஞ்சம் வலப்பக்கம் வளைத்தோம், அங்கே ஒரு பெரிய வேர் குறுக்கிட்டது. கிடங்கு ஓரிடத்திலும் விடுபடவில்லை. எங்கே பலகை இறக்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும், எங்கே தோண்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நீ எழுதி வைத்த அளவுகளில் ஒன்றும் பிழையில்லை, ராசா. தண்ணீர் போகிறது என்று அளந்தாய், தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது.

நாளைக்கு அப்பாவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். நீ கத்தவேண்டுமென்றால் கத்து. ஞாயிற்றுச் சோற்றுக்கு வராவிட்டாலும் எனக்கு விளங்கும். ஆனால் திங்கட்கிழமை அந்த விலகல் கடிதத்தைக் கொடுக்காதே. கொடுக்கத்தான் போகிறாய் என்றால், அதற்கு முன் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் உன் மேலதிகாரிக்கு முன்னால் நிறுத்து. காலை ஆறு மணிக்கு, கொப்பும் கையுமாக, எங்கள் வாசலில் நிற்பேன். யார் செய்தது என்று அவர்கள் கேட்பார்கள். நீ எனக்காகப் பதில் சொல்லக்கூடாது, மொழிபெயர்க்கவும் கூடாது. இருபது வருடமாக இந்த ஊரில் நான் ஒழுங்காகப் படிக்காத பிரெஞ்சில் அதற்கான பதிலை மட்டும் இந்த ஆறு நாளும் வீட்டுக்குள் நடந்து நடந்து பாடமாக்கியிருக்கிறேன். செ முவா, மொசியூ. நான்தான்.

அம்மா